வைரஸ் போய்விட்டது, படங்கள் ஏன் இன்னும் திறக்கவில்லை?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன: வீட்டுக் கணினியில் ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். அதனால் பிரிண்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதற்கே முழுப் பக்கத்தையும் கொடுக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்களைச் சரி செய்ய, என் மகன் காசு கொடுத்து வாங்கவேண்டிய ஒரு மென்பொருளை எங்கிருந்தோ இலவசமாக இறக்கினான். அது ஓடும்போது விண்டோஸ் அப்டேட் ஆவதுபோல் ஒரு சின்னப் பெட்டி வந்தது, நாங்களும் பேசாமல் விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் ஒரு படம்கூட திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லா ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 999 அமெரிக்க டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 499 போதும் என்கிறது. பக்கத்துக் கடையில் கொடுத்தேன். ஆன்டிவைரஸ் ஓட்டி வைரஸை எடுத்துவிட்டார், ஆனால் படங்கள் அப்படியேதான் கிடக்கின்றன. இனி ஃபார்மட்தான் வழி, 150 வெள்ளி என்கிறார். என் அப்பாவின் கடைசித் தைப்பூசப் படங்கள், தண்ணீர்மலைப் படிக்கட்டில் எடுத்தவை, அதில்தான் இருக்கின்றன. ஃபார்மட் பண்ணலாமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. இன்றைக்கே அந்தக் கடைக்குப் போன் போட்டு, எதையும் அழிக்காதீர்கள் என்று சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. வைரஸை அவர் எடுத்திருப்பார். ஆனால் வைரஸை எடுப்பது ஒரு வேலை, ஃபைலைத் திறப்பது வேறு வேலை. வீட்டுக்குள் புகுந்த ஒருவன் உங்கள் பீரோவில் தன் பூட்டை மாட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டீர்கள், சரி, பூட்டு அங்கேயேதானே தொங்குகிறது? எனக்கு எழுதுகிறவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறிப்போகிறார்கள். ஆன்டிவைரஸ் பச்சை விளக்கு காட்டியதும் படங்கள் தானாகத் திறந்துவிடும் என்று நினைக்கிறார்கள். திறக்கவில்லை என்றதும், எல்லாம் போய்விட்டது என்று கோபத்தில் மொத்தத்தையும் அழித்துவிடுகிறார்கள். பூட்டிய ஃபைல் கையில் இருக்கும்வரை ஏதாவது ஒரு நாள் சாவி கிடைக்க வாய்ப்பு உண்டு. அழித்த ஃபைலுக்குச் சாவி கிடைத்தும் பயன் இல்லை.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், நான்கு எழுத்து வால், ரீட்மீ கடிதம், பொய் அப்டேட் பெட்டி, 999க்குப் பாதி 499, எல்லாம் ‘ஸ்டாப் டெஜாவு’ என்ற குடும்பத்தோடு ஒத்துப்போகின்றன. முன்பு 980 கேட்டார்கள், 490 தள்ளுபடி விலை. பிறகு வந்த வகைகள்தான் 999 கேட்கின்றன. பெரிய நிறுவனங்களை இது தேடிப் போவதில்லை. கிராக், கீஜென் என்று, காசு மென்பொருளை இலவசமாக ஓடவைக்கும் கள்ளக் கருவிகளைத் தேடுகிற வீட்டுக் கணினிகள்தான் இதன் இரை. பையனைத் திட்டாதீர்கள், பெரியவர்களே இதில் விழுகிறார்கள்.

இருந்தாலும் என் ஊகத்தை நம்பி வேலையைத் தொடங்கவேண்டாம். வேறொரு நல்ல கணினியிலிருந்து ‘நோ மோர் ரேன்சம்’ என்ற தளத்துக்குப் போங்கள். டச்சுக் காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் இரண்டு கணினிப் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கியது, ஒரு காசு வாங்கமாட்டார்கள். அதில் ‘கிரிப்டோ ஷெரிஃப்’ என்ற பகுதியில் பூட்டிய ஃபைல்களில் ஏதாவது இரண்டையும் அந்த ரீட்மீ கடிதத்தையும் ஏற்றினால், இது எந்த வகை, இலவசச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். அங்கே ஏற்றுவதற்கு அப்பாவின் படம் வேண்டாம், சும்மா கிடக்கும் வேறு இரண்டு படங்கள் போதும்.

இனி சாவி விஷயம். இந்த வைரஸ் ஒரு கணினிக்குள் நுழைந்ததும் முதலில் தன் எஜமானின் சர்வரைக் கூப்பிட்டு, இந்தக் கணினிக்கென்று தனிச் சாவி கேட்கும். கிடைத்தால் அதை வைத்துப் பூட்டும். அந்தச் சாவி உலகத்தில் வேறு யாருக்கும் பொருந்தாது. அந்த நேரம் பார்த்து இணையம் அறுந்திருந்தாலோ சர்வர் எடுக்காவிட்டாலோ, தனக்குள்ளேயே வைத்திருக்கும் பொதுச் சாவியால் பூட்டிவிடும். அந்த வகையில் மாட்டிய எல்லோருக்கும் அது ஒரே சாவி. இரண்டில் உங்களுடையது எது என்று நீங்களே பார்க்கலாம். ரீட்மீ கடிதத்தின் அடியில் ‘பெர்சனல் ஐடி’ என்று ஒரு நீண்ட எழுத்துக்கோவை இருக்கும். அது ‘t1’ என்று, ஆங்கிலச் சின்ன ‘t’ எழுத்தும் ‘1’ என்ற எண்ணுமாக முடிந்தால் பொதுச் சாவி, நம்பிக்கை இருக்கிறது. வேறு மாதிரி முடிந்தால் தனிச் சாவி, புதிய வகைகளில் இன்றைக்கு அதை உடைக்க யாராலும் முடியாது. முடியும் என்று காசு கேட்கிறவரை நம்பாதீர்கள். எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கு ஒரு இலவசத் திறப்பான் வெளியிட்டது. 2019 ஆகஸ்டுக்கு முந்தைய 148 வகைகளுக்காகச் செய்தது அது. புதிய வகை என்றால், பொதுச் சாவி யாரிடமிருந்தாவது அவர்கள் கைக்கு வந்திருந்தால்தான் திறக்கும்.

திறப்பானை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் ரொம்பக் கவனமாக இருங்கள். 2020இல் இதே ஸ்டாப் டெஜாவுக்குத் திறப்பான் என்று சொல்லி ஒரு போலி மென்பொருள் சுற்றியது. அதை ஓட்டியவர்களின் ஃபைல்களை ‘சோராப்’ என்ற இன்னொரு ரேன்சம்வேர் மேலே ஒரு பூட்டு போட்டுவிட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்று இருக்கிறவர்கள் அவர்கள். நோ மோர் ரேன்சம் கொடுக்கும் இணைப்பைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

சாவி கிடைக்காவிட்டாலும் கதை முடியவில்லை. இந்த வைரஸ் அவசரக்காரன். ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும், மீதியை அப்படியே விட்டுவிடும். சின்ன வோர்ட் ஃபைல் என்றால் முழுதும் போய்விடும். ஆனால் 200 எம்பி காணொளியில் 150 கேபி எந்த மூலைக்கு? கடந்த ஆண்டு என் அத்தை வீட்டில் மாமாவின் அறுபதாம் கல்யாணக் காணொளி இப்படிப் போனது. ‘டிஸ்க்டியூனா’ தளத்தில் ‘மீடியா ரிப்பேர்’ என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. அதற்கு, அதே கருவியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல காணொளி ஒன்று மாதிரிக்கு வேண்டும். அத்தை அந்தப் பழைய கைப்பேசியை இழுப்பறையில் வைத்திருந்தார்கள், நல்லவேளை. சார்ஜ் போட்டு, எதிரே இருந்த சுவர்க் கடிகாரத்தைப் பத்து வினாடி படம் பிடித்தோம், அதை மாதிரியாகக் கொடுத்தோம். ஆரம்பத்தில் கொஞ்சம் போயிருந்தது, அப்புறம் திடீரென்று நாதஸ்வரச் சத்தம் வந்தது, அத்தை அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்கள். எல்லாக் காணொளிக்கும் இது பலிக்கும் என்று சொல்லமாட்டேன். சாதாரணப் படங்களுக்குப் பலன் இன்னும் குறைவு. இருந்தாலும் முயற்சியை எப்போதும் நகலில் செய்யுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள்.

உங்களுக்கு நான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான் அம்மா: அந்தத் தைப்பூசப் படங்களை எதில் எடுத்தீர்கள்? கேமரா என்றால் அதன் எஸ்டி கார்டு எங்கே? கார்டிலிருந்து அழித்திருந்தாலும், அதன்மேல் புதிய படம் நிறைய எடுக்காமல் இருந்தால், ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் பலவற்றைத் தோண்டி எடுத்துவிடும். கார்டைத் தேடி எடுத்து, இன்றிலிருந்து அதில் ஒரு படமும் எடுக்காமல் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியில் எடுத்தது என்றால் கூகுள் ஃபோட்டோஸ் பாருங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மேலே தள்ளித் தேடுங்கள், அன்றைக்குக் கூட வந்த சொந்தக்காரர்கள் எல்லோரையும் கேளுங்கள். ஈப்போவில் இருக்கும் தம்பி மனைவியின் பழைய கைப்பேசியில் இருக்கலாம். எந்தச் சாவியையும்விட இந்த வழியில் படம் கிடைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் பார்த்த பிறகு, பூட்டிய ஃபைல்களையும் ரீட்மீ கடிதத்தையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, தேதி எழுதி ஒட்டி அலமாரியில் வையுங்கள். ஆனால் டிஸ்க்கைச் செருகுவதற்கு முன் வைரஸ் முழுதும் போய்விட்டதா என்று உறுதி செய்யவேண்டும். இந்த வகை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் தன் பெயரைப் பதிந்துவைத்துக்கொண்டு மறுபடி மறுபடி எழுந்து, புதிதாக வந்ததையும் பூட்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்பதற்குள் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ இருக்கும், அதை ஓட்டுங்கள். கணினி அணைந்து, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும், கால்மணி நேரம் பிடிக்கும். வேறொரு நிறுவனத்தின் ஸ்கேனரையும் ஒருமுறை ஓட்டுங்கள். பாதுகாப்பு மென்பொருள் தளங்கள் எதுவும் அந்தக் கணினியில் திறக்காவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். இந்த வைரஸ் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற ஃபைலில் அந்தத் தளங்களின் பெயரை எழுதித் தடுத்துவைக்கும். வேறு கணினியில் இறக்கி, காலியான ஒரு பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.

நகல் பத்திரமான பிறகு ஃபார்மட் பண்ணுங்கள், இப்போது நானே சொல்கிறேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொள்வதுதான் நிம்மதி. ஏனென்றால் இது தனியாக வருவதில்லை. பிரவுசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளைத் திருடுகிற இன்னொன்றையும் அடிக்கடி கூட்டிக்கொண்டு வரும். ஆகவே மின்னஞ்சல், வங்கி, ஃபேஸ்புக், மகனுடைய கணக்குகள், எல்லாப் பாஸ்வேர்டையும் கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதியதும் போய்விடும். மின்னஞ்சல்தான் முதலில்.

சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்கும் சொல்லுங்கள், 1-300-88-2999. வீட்டுக் கணினிதானே, கேட்பார்களா என்று தயங்கவேண்டாம், பொதுமக்களுக்காகவே உள்ள சேவை அது.

கேள்வி: செய்தி வாசித்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகி, உங்கள் கணினி பூட்டப்பட்டுவிட்டது, உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று ஒரு பெண் குரல் கத்த ஆரம்பித்துவிட்டது. மௌஸ்கூட நகரவில்லை. இதுவும் ரேன்சம்வேரா?
– வாசகர், செந்தூல்

பதில்: இல்லை. அது வெறும் இணையப் பக்கம், உங்களைப் பயமுறுத்தி அந்த எண்ணைக் கூப்பிட வைப்பதற்காகச் செய்தது. எஸ்கேப் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜருக்குப் போய் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் உங்கள் படம், ஃபைல் நாலைந்தைத் திறந்து பாருங்கள். பெயர் மாறாமல் ஒழுங்காகத் திறந்தால் ஒன்றும் ஆகவில்லை, போய்க் காப்பி குடியுங்கள்.

மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தாலே போலி. கூப்பிட்டுப் பேசி, அவர்கள் சொன்ன மென்பொருளை இறக்கி, உள்ளே விட்டிருந்தால் மட்டும் கதை வேறு. உடனே இணையத்தைத் துண்டித்து அந்த மென்பொருளை நீக்குங்கள். அவர்கள் முன்னால் வங்கிக் கணக்கைத் திறந்திருந்தால் அல்லது பணம் போயிருந்தால், காத்திருக்காமல் வங்கிக்கும் தேசிய மோசடி மறுமொழி மையத்தின் 997க்கும் அடியுங்கள். நேரம் போகப் போகப் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: வீட்டில் எஸ்பிஎம் மாணவர்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். எட்டு வருடத் தேர்வுத்தாள், குறிப்பு எல்லாம் பூட்டப்பட்டுவிட்டது. திறப்பான் இல்லை என்று தெரிந்துவிட்டது. கேட்கிற பணத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். கட்டினால் கொடுப்பார்களா?
– ஆசிரியர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: சார், உங்கள் வலி புரிகிறது, எட்டு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. இருந்தாலும் கட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன், காரணத்தோடு சொல்கிறேன்.

2017 மே 12ஆம் தேதி வானாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகத்தையே ஆட்டிவைத்தது, நினைவிருக்கும். ஏறத்தாழ 150 நாடுகளில் பரவி, 300 டாலர் கேட்டது, தாமதித்தால் 600. பணம் போட அதில் இருந்தவை மூன்றே மூன்று பிட்காயின் முகவரிகள், மாட்டிய எல்லோருக்கும் அதே மூன்று. யார் பணம் போட்டது, எந்தக் கணினிக்குச் சாவி கொடுக்கவேண்டும் என்று கண்டுபிடிக்கவே அவர்களுக்குச் சரியான வழி இல்லை. பணம் கட்டியவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். சில கும்பல்கள் சாவி கொடுப்பதும் உண்டு, மறுக்கவில்லை. சிலர் வாங்கிக்கொண்டு இன்னும் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? 2025 மார்ச்சில் மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கி ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டோம் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிமே பகிரங்கமாகச் சொன்னார். கொடுக்கக் கொடுக்கத்தான் இந்தத் தொழில் வளர்கிறது. கடன் வாங்கி அதற்குத் தீனி போடாதீர்கள்.

அதைவிட முக்கியமாக, உங்கள் தாள்கள் எங்கெங்கே போயிருக்கின்றன என்று யோசியுங்கள். மாணவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருப்பீர்கள், ‘சென்ட்’ பெட்டியில் இருக்கும். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் இருக்கும். பழைய மாணவர்களிடம் அச்சடித்த தாள் இருக்கும், கைப்பேசியிலேயே ஸ்கேன் பண்ணலாம். கூகுள் டிரைவோ ஒன்டிரைவோ கணினியோடு இணைத்திருந்தீர்களா? பூட்டிய ஃபைல்கள் அங்கேயும் ஏறியிருக்கும், ஆனால் இரண்டிலும் பழைய பதிப்புகள் பொதுவாக 30 நாள் இருக்கும், அதற்குள் போய் முந்தைய பதிப்பை மீட்கலாம். நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, கடிதத்தை வாசித்த கையோடு பாருங்கள்.

கேள்வி: ரேன்சம்வேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா? வராமல் இருக்க என்ன செய்யவேண்டும்? என்னிடம் ஆன்டிவைரஸ் இருக்கிறது, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கிறது.
– தம்பி ஒருவர், பட்டர்வொர்த்

பதில்: சில நேரம் முடியும் தம்பி. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது கணினி திணறும், ஃபேன் சத்தம் போடும், ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கும். ஃபோல்டரைத் திறந்தால் உங்கள் கண்முன்னாலேயே பெயர்கள் ஒவ்வொன்றாக மாறும், படத்தின் சின்னம் வெள்ளைத் தாளாகிவிடும். அப்படிப் பார்த்தால் யோசிக்கவேண்டாம், வைஃபையைத் துண்டி, செருகியிருக்கும் டிஸ்க், பென்டிரைவைப் பிடுங்கு, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடு. இன்னும் பூட்டாத ஃபைல்கள் தப்பும். பிறகு கணினியைச் சும்மா போட்டுப் பார்க்காதே, விண்டோஸ் எழும்பியதும் அதுவும் எழும்பும். கணினிக்குள் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி ஃபைல்களை எடுக்கத் தெரிந்தவரிடம் கொடு. கணினிக் கடைகளுக்குப் பெயர்போன கோலாலம்பூர் லோயாட் பிளாசா வரை போகவேண்டியதில்லை, உங்கள் ஊரிலேயே இருப்பார்கள்.

எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க் பேக்கப் இல்லை. கணினி கண்ணுக்கு அது இன்னொரு ஃபோல்டர், சேர்த்தே பூட்டிவிடும். வாரம் ஒருமுறை செருகு, நகலெடு, கழற்றி அலமாரியில் வை. முடிந்தால் இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்து, ஒன்று அக்கா வீட்டில் இருக்கட்டும். அப்புறம், விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன்’ என்பதற்குள் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்று ஒன்று இருக்கிறது, அதை முடுக்கிவிடு. தெரியாத மென்பொருள் உன் படங்கள், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் எழுதப் போனால் தடுக்கும். சில நேரம் நல்ல மென்பொருளையும் தடுத்து எரிச்சல் மூட்டும், பொறுத்துக்கொண்டு அனுமதி கொடு. வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் வைத்திருந்தால் இது வேலை செய்யாது, விண்டோஸோடு வரும் டிஃபெண்டர்தான் ஓடவேண்டும். வானாக்ரை நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, 2017 மார்ச்சிலேயே அடைத்துவிட்டது. அப்டேட் போடாத கணினிகள்தான் விழுந்தன. உன்னுடையது இன்னும் விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, மாறுவதைத் தள்ளிப்போடாதே.

கேள்வி: கைப்பேசிக்கும் இது வருமா ஐயா?
– வாசகி, செராஸ்

பதில்: வரும், ஆனால் நம் ஊரில் கைப்பேசியில் அதைவிட அதிகம் பயப்படவேண்டியது வேறொன்று. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு ‘ஏபிகே’ ஃபைல் வரும். படமும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை, அது ஒரு செயலி. நிறுவினால் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை, வங்கியின் ரகசிய எண்ணோடு சேர்த்துப் படித்து அனுப்பிவிடும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வந்தாலும் திறக்காதீர்கள், அவர் கைப்பேசியை ஏற்கெனவே பிடித்துக்கொண்டு அங்கிருந்து அனுப்பியிருக்கலாம். அவரைக் கூப்பிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று வாயால் கேளுங்கள்.